பதிலுக்கு மூன்று இழுப்பு

சுறா மனிதனைக் கண்டால் பெரும்பாலும் விலகித்தான் போகும், சார். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நானும் சங்கரலிங்கமும் முதுகில் சிலிண்டர் கட்டி மூழ்குகிறவர்கள். கப்பல்கள் அறுத்துவிட்டுப் போன நங்கூரங்களைத் தேடி எடுப்பது வேலை. ஒருவன் இறங்கினால் மற்றவன் வள்ளத்தில் அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருப்பான். எழுபத்தொன்பதில், காயல் கடலில் சேரும் அழிமுகத்துக்கு வெளியே ஓர் அம்மணி உழுவை என் பக்கத்தில் வந்தது. சுறா ஜாதிதான்; வள்ளத்தைவிட நீளம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, பரம சாது. அதன் விலாவில் கை வைத்தபடி கொஞ்ச தூரம் கூடவே நீந்தினேன். என் ஆயுசில் எனக்கென்று நடந்தது அது ஒன்றுதான். சங்கரலிங்கத்திடம் மட்டும் சொன்னேன்.

ஒரே வாரத்தில் கொச்சங்காடி சாயாக்கடையில் அது அவன் கதையாகிவிட்டது. சாதுவுக்குப் பல் முளைத்தது, ரத்தம் ஓடியது. ஷௌகத், அதாவது நான், வள்ளத்தில் நடுங்கிக்கொண்டிருந்தானாம். மூன்று வருஷம் சொன்னான். நான் எதிரே உட்கார்ந்து சாயா குடித்தேன். போன மாசம் என் மனைவி ரம்லத்தே கேட்டாள்: "நீங்க பேடிச்சு அழுதீங்களாமே, உள்ளதுதானா?"

செவ்வாய்க்கிழமை அவன் இறங்கினான். வள்ளத்தில் நான் மட்டும். பத்து நிமிஷத்தில் கயிறு மூன்று தடவை இழுபட்டது. சிக்கிக்கொண்டேன், இறங்கி வா என்று அர்த்தம். மேலே இருப்பவன் அதேபோல் மூன்று இழுத்துப் பதில் சொல்ல வேண்டும். பதில் கிடைத்துவிட்டால் கீழே இருப்பவன் திமிறக் கூடாது. காற்றை மிச்சம் பிடித்துக்கொண்டு அசையாமல் காத்திருக்க வேண்டும். எங்கள் தொழிலில் இது தவறாத வழக்கம்.

நான் பதில் இழுத்தேன். கயிறு அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மூன்று வந்தது, பதில் கொடுத்தேன். இப்படி ஆறு முறை. கடைசியில் இரண்டுதான் வந்தது. அதை மூன்றாகவே எடுத்துக்கொண்டு பதில் சொன்னேன்.

மறுநாள் நான்தான் இறங்கி, சிலிண்டரில் மாட்டியிருந்த பழைய வலையை அறுத்து அவனைக் கொண்டுவந்தேன். கையில் மீன் கொத்தியிருந்ததைப் பார்த்துவிட்டுப் பத்திரிகையில் சுறா கடித்தது என்று போட்டுவிட்டார்கள். அதனால்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன். வாயில்லாப் பிராணியின் மேல் இன்னொரு பழி வேண்டாம்.

சங்கரலிங்கத்தைக் கொன்றது நான்தான். ஆனால் அவன் கூப்பிட்டும் நான் பதில் சொல்லவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவனைப் போலப் பொய் சொல்ல எனக்கு வராது, சார்.