சக்கரை போட்டதுதான்

— உண்மையச் சொல்லுங்க, ஐஸ்கிரீம் எப்படி இருந்துச்சு?

— சும்மா சொல்லக்கூடாது. மூணு மாசமா நீ செஞ்சதுல இன்னிக்குத்தான் ஐஸ்கிரீம்னு ஒண்ணு தின்னேன். கிண்ணத்தைப் பாரு, வழிச்சு நக்கியாச்சு.

— நம்ம குட்டி?

— ரெண்டு கிண்ணம். சிரிச்சா பாரு ஒரு சிரிப்பு! பத்து வயசுல சக்கரை வியாதின்னு டாக்டர் சொன்ன அன்னிக்குப் போன சிரிப்பு அது.

— அதுக்கு ஏன் கண்ணு கலங்குறீங்க? புள்ள பிறந்தநாளும் அதுவுமா.

— கலங்கல. இந்தா கேளு, இனிமே சக்கரைக்குப் பதிலா போடற அந்தப் பொடிங்களை வீட்டுக்குள்ள சேர்க்காத. மொதல்ல ஒரு இலைப்பொடி, வேப்பங்காயாட்டம் கசப்பு. அடுத்தது கல்லா உறைஞ்சு கரண்டியே வளைஞ்சுது. மூணாவதைத் தின்னுட்டு நான் தையல் மிஷினுக்கும் பாத்ரூமுக்குமா ஓடின ஓட்டம் இருக்கே...

— போதும், மானத்த வாங்காதீங்க. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது.

— என்ன?

— இன்னிக்குப் போட்டதும் பொடிதான்.

— எது?

— நாலாவது பொடி. புதுசா வந்திருக்கு, உறைஞ்சாலும் மெத்துன்னு இருக்கும்னு கடைக்காரர் குடுத்தாரு. உங்க நாக்கையே ஏமாத்திருச்சு பாத்தீங்களா!

— சக்கரை போட்டதுதான்னு காலையில சொன்னியே.

— பொடின்னு சொன்னா அப்பனும் மகளும் வாயில வைக்கறதுக்கு முன்னாடியே மூஞ்சியச் சுளிக்கிறீங்க. அதான் சின்னதா ஒரு பொய். ஏங்க, ஏன் இப்படிப் பாக்கறீங்க?

— எவ்வளவு போட்டேன்னு கேட்டேனே. கிண்ணத்துக்கு ஆறு ஸ்பூன்னு சொன்னியே.

— நீங்க கேட்டீங்க, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நம்பணும்ல?

— நம்பிட்டேன். இந்தா கேளு... அந்த ஆறு ஸ்பூனுக்குக் கணக்குப் பாத்துத்தான் ஊசி போட்டிருக்கேன். ரெண்டு கிண்ணத்துக்கும் சேர்த்து.

— எப்பவும் போடற ஊசிதானே?

— இல்ல. திங்கற சக்கரைக்குத் தக்கன இன்சுலினைக் கூட்டணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு, கூட்டிட்டேன். சக்கரையே உள்ள போகலைன்னா அந்த மருந்து சும்மா இருக்குமா? அவ ரத்தத்துல இருக்கறதையும் சேர்த்துத் தின்னுடும்.

— ஐயோ! எப்பப் போட்டீங்க?

— முக்கால் மணி நேரம் ஆச்சு. குட்டி! குட்டிம்மா, என்னடா பண்றே?

— டிவி பாக்கறேன்ப்பா... எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது.

— இங்க வாடா. உடம்பெல்லாம் ஏன் இப்படி வேர்த்திருக்கு? கை நடுங்குது பாரு. சீக்கிரம் சக்கரை டப்பாவ எடு!

— ஏங்க...

— எடுன்னு சொல்றேன், நிக்கறியே!

— சக்கரை இல்லைங்க.

— தேன் இருக்கும்ல? அவ ஸ்கூல் பையில குளுக்கோஸ்?

— எல்லாத்தையும் காலையில குப்பை வண்டியில கொட்டிட்டேன். குளுக்கோஸைத் திருட்டுத்தனமா தின்னுடுவாளோன்னு அதையும்தான். இவ கண்ணுல சக்கரைன்னு ஒண்ணு படவே கூடாதுன்னு நெனச்சேங்க... பாவி, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்!

— அழ இது நேரமில்ல. நான் இவளப் பிடிச்சுக்கறேன், நீ எதிர்வீட்டுக்கு ஓடு. ஓடு!

— அக்கா! கதவத் தொறங்கக்கா! சக்கரை... எம் பொண்ணுக்கு ஒரு கை சக்கரை குடுங்கக்கா!