ரோசம்மாள் தனியாகப் பாடிய பாட்டு

உங்கள் ரயில் நேரத்துக்கு வராது. யுத்தச் சமயம், பட்டாளத்து ரயில்கள் போன பிறகுதான் மற்றவை. பொம்மிடியில் இதற்கெல்லாம் யாரும் கோபப்படுவதில்லை. அந்த வேப்பமரத்தடி பெஞ்சில் கொஞ்சம் காற்று வரும். அங்கே உட்காரலாம்.

நான் காலை ஆட்டுவதைப் பார்க்கிறீர்கள். ஆட்டவில்லை, மிதிக்கிறேன். கால் ஆர்மோனியம் வாசிக்கிறவனுக்கு உட்கார்ந்தால் கால் நிற்காது. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கொஞ்சம் அதிகம். தூக்கத்திலும் மிதிக்கிறேனாம். பெண்டாட்டி வேறு பாயில் படுக்கிறாள்.

ரோசம்மாளுக்கு நடந்த பாராட்டுக் கச்சேரியைப் பற்றி ரசிகர்களின் அபிப்பிராயம் கேட்டு எழுத வந்திருக்கிறீர்கள். நாடகப் பத்திரிகைக்கு அது தேவைதான். மேடையேறிய நட்சத்திரங்களைக் கேட்டாயிற்று. சந்தையில் கேட்டாயிற்று. இப்போது என்னிடம் வந்திருக்கிறீர்கள். ஆர்மோனியப் பெட்டிக்காரனைக் கடைசியில்தான் கேட்பார்கள்.

அவர்கள் சொன்னதை நீங்கள் படித்துக் காட்டியது நல்லது. சித்தேரி மலையிலிருந்து வந்த செல்லன் சொன்னதாகப் படித்தீர்களே.

"சாமை மூட்டயத் தூக்கினு சந்தைக்கு வந்தவனுங்க நானு. அந்தம்மா பாட ஆரம்பிச்சதும் மூட்டய எங்க வெச்சேன்னே மறந்துட்டேன். இன்னும் கெடைக்கலீங்க."

கடலை விற்கிற பழனியம்மாள் சொன்னது இன்னும் நன்றாக இருந்தது.

"பாடி முடிச்சு சால்வையில மூஞ்சிய மூடினு அழுதுச்சு பாருங்க, எனக்கும் அழுவ வந்துருச்சு. அழுவுற நேரத்துல எவனோ ஒரு படி கடலய அள்ளினு போய்ட்டான்."

இருவரும் கண்டதைத்தான் சொன்னார்கள். ரோசம்மாள் அழவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் பெயர் ராஜப்பன். ரோசம்மாள் முதன்முதலில் ஸ்திரீபார்ட் கட்டிய நாளிலிருந்து அவளுக்குப் பெட்டி வாசித்தவன். ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது. மேடையில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். எல்லாரையும் கட்டி வைத்திருப்பது பெட்டி ஒன்றுதான்.

பின்பாட்டு என்று ஒன்று உண்டு. அதைச் சனங்கள் கவனிப்பதில்லை. நடிகை பாடுகிறாள். மேல் சுரத்தில் மூச்சு தீர்கிறது. பாட்டு அறுபடக் கூடாது. அவள் விடுகிற இடத்தில் பெட்டிக்காரன் அந்த அடியை எடுத்துப் பாடுவான். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சேர்ந்துகொள்வாள். ரோசம்மாள் விடப்போகிறாள் என்றால் முகத்தை என் பக்கம் சற்றே திருப்புவாள். பார்க்கிறவர்களுக்கு அது நடிப்பு. எனக்கு அது உத்தரவு.

என் குரல் மெல்லியது. அவள் குரலோடு ஒட்டிப்போகும். பின்னால் நிற்கிறவனுக்கு அவள் எங்கே முடித்தாள், நான் எங்கே தொடங்கினேன் என்று தெரியாது. தெரியாமல் செய்வதுதான் வேலை.

காட்டில் கணவனைத் தேடுகிற ராணியாக அவள் பாடும் பாட்டு ஒன்று உண்டு. கடைசி அடி மேலே ஏறி 'எங்கே' என்ற சொல்லில் நிற்கும். அங்கேதான் ஒன்ஸ்மோர் கேட்பார்கள். கேட்டால் பாடித்தான் ஆக வேண்டும். அவளுக்கு நெஞ்சில் நோய் கண்ட பிறகு அந்த 'எங்கே'யில் பெரும்பகுதி என்னுடையது. அதற்குக் கை தட்டினார்கள். மெடல் குத்தினார்கள். அவளுக்கு. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. நீங்கள் கேட்பீர்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

பிறகு இருமலில் இரத்தம் வந்தது. சேலத்து டாக்டரிடம் அழைத்துப் போனது அவள் புருஷன் மாதேஸ்வரனும் நானும். மாதேஸ்வரன் மாரண்டஹள்ளி விவசாயி. கத்தரியும் தக்காளியும் போடுகிறவர். நாடகம் பார்த்தால் தூங்கிவிடுவார். டாக்டர் அவரிடம் சொல்லவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"பேசலாம். சிரிக்கலாம். தணிஞ்ச குரல்ல ரெண்டு வரி முணுமுணுக்கலாம். உச்சத்துக்குப் போனா ஆறின புண் விட்டுக்கும். அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது. உங்களுக்குத்தான் சுருதி தெரியும். நீங்க பாத்துக்குங்க."

பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அப்படி என்னிடம் வந்தது.

அவள் மாரண்டஹள்ளிக்குப் போய்விட்டாள். தோட்டத்தில் நிழலில் உட்கார்ந்து ஆட்களை வேலை வாங்கினாள். உடம்பு தேறியது. நான் போய்ப் பார்த்தபோது, "மேடயே மறந்து போச்சுண்ணா, இப்பத்தான் நல்லா தூக்கம் வருது" என்றாள். பை நிறையத் தக்காளி கொடுத்தாள். திரும்பும்போது பஸ்ஸில் அது நசுங்கிவிட்டது.

நான் வேறு ஸ்திரீபார்ட்டுகளுக்கு வாசித்துப் பார்த்தேன். புதுப் பெண்கள் முகத்தைத் திருப்புவதில்லை. அவர்களுக்கு மூச்சு இருக்கிறது.

பாராட்டுக் கச்சேரி யோசனை ராஜபார்ட் காளியப்பனுடையது. எல்லா ஊர் நட்சத்திரங்களும் ஒரே மேடையில் ரோசம்மாளின் பாட்டுகளைப் பாடுவது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பது. ரயிலில் வந்து இறங்கச் சௌகரியம் என்று பொம்மிடி. மண்ணெண்ணெய் கிடைக்காததால் பகலில் வைத்தார்கள். பகலில் நாடகக்காரர்களைப் பார்த்தது சனங்களுக்கு அதுவே முதல் தடவை. பந்தல் கீற்றுக்குள் வெயில் இறங்கி அரிதாரத்தைக் காட்டிக்கொடுத்தது. காளியப்பன் முதல் பாட்டுப் பாடும்போதே முன்வரிசையில் ஒருவன் எழுந்து கத்தினான்.

"ஏய், ராசாவுக்கு மீசை எறங்குதுடா! புடிங்கடா!"

காளியப்பன் மீசையைப் பிடித்துக்கொண்டே பாடி முடித்தார். அதற்கும் ஒன்ஸ்மோர் கேட்டார்கள்.

கச்சேரிக்கு முன்னால் ரோசம்மாள் பந்தலின் பின்பக்கம் வந்தாள். மாதேஸ்வரனும் வந்தார். கடைசியில் ஒரு பாட்டு அவளே பாட வேண்டும் என்று ஆசை வந்திருந்தது. இத்தனை பேர் வந்திருக்கும்போது வாயை மூடிக்கொண்டு போவது மரியாதை இல்லை என்றாள்.

"அந்தக் காட்டுப் பாட்டே பாடிடறேண்ணா. நாலு கட்டையில வைங்க, மெதுவா ஆரம்பிக்கறேன். மேல போற எடமெல்லாம் நீங்க எடுத்துக்குங்க. நான் வாய மட்டும் அசைக்கறேன்."

"டாக்டரு வேணான்னாரில்ல" என்றார் மாதேஸ்வரன்.

"அண்ணன் இருக்கும்போது எனக்கென்ன?"

அவர் என்னைப் பார்த்தார். "உங்கள நம்பித்தாங்க வுடறேன்."

சரி என்று சொன்னேன். அப்போது அதைத்தான் செய்யப் போகிறேன் என்று நினைத்திருந்தேன். கொஞ்ச நேரம் வரை.

கச்சேரி நன்றாக நடந்தது. ஒவ்வொருவரும் பாடும் முன் இரண்டு வார்த்தை பேசினார்கள். ரோசம்மாள் குரல் தேன் என்றார் ஒருவர். அந்த 'எங்கே'யைக் கேட்டுத்தான் நான் நாடகத்துக்கே வந்தேன் என்றாள் புது ஸ்திரீபார்ட் ராஜாமணி. அவள் கேட்டது எந்த வருஷம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் கேட்டது என்னை. அதைச் சொல்லித் திருத்துகிற இடம் அது இல்லை. வாசித்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் நிலையாக உட்காரவில்லை. பகல் வெயில். குழந்தைகள் அழுதன. சந்தைக்கு வந்தவர்கள் எழுந்து போய்த் திரும்பி வந்தார்கள். மிருதங்கக்காரர் இரண்டு தடவை தண்ணீர் கேட்டார். என்னாலும் உட்கார முடியவில்லை. கால் மட்டும் ஒழுங்காக மிதித்தது.

கடைசியில் ரோசம்மாளுக்குச் சால்வை போர்த்தினார்கள். அரக்கு நிறம். அவள் எழுந்து நன்றி சொன்னாள். காளியப்பனுக்கு. பந்தல் போட்டவருக்கு. மலையிலிருந்து நடந்து வந்தவர்களுக்கு. தன்னை ஸ்டேஷனிலிருந்து இட்டுவந்த வண்டிக்காரருக்கு. மாதேஸ்வரனுக்குச் சொன்னபோது, "நான் பாடினா தூங்குவாரு, பாடாதப்பதான் முழிச்சிருக்காரு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "கடைசியா எங்கண்ணன்…" என்று தொடங்கினாள். கூட்டத்தில் யாரோ "பாட்டு! பாட்டு!" என்றான். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். அவள் சிரித்தாள். கையை இறக்கிக்கொண்டாள். பேச்சை விட்டுவிட்டாள்.

என்ன சொல்லவிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. இது அவளுடைய நாள். பாராட்டு அவளுக்கு. அப்படியானால் பாட்டும் முழுக்க அவளுடையதாக இருப்பதுதான் நேர்மை. சனங்கள் எதற்காகக் கை தட்டி வந்தார்களோ அதை ஒரு தடவையாவது கலப்படம் இல்லாமல் கேட்க வேண்டும். நான் குறுக்கே வரக் கூடாது. எவ்வளவு யோசித்தாலும் இதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் ஐந்து கட்டையில் விரலை வைத்தேன்.

பேசியிருந்தது நாலு. ஒரு கட்டை ஏறினால் உச்சமும் ஏறும். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தின் முன் பெட்டி சுருதி கொடுத்துவிட்டால் நடிகை மாற்றச் சொல்லமாட்டாள். சொன்னால் முடியவில்லை என்று ஒப்புக்கொண்டதாகும். மேடையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது வராது. அவள் ஐந்திலேயே தொடங்கினாள்.

குரல் இருந்தது. ஓய்வெடுத்த குரல். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பந்தலில் அதுவரை இருந்த சலசலப்பு நின்றது. செல்லன் மூட்டையை மறந்தது அப்போதாகத்தான் இருக்கும். கடைசி அடி ஏறியது. 'எங்கே'யில் நின்றாள். முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

நான் எடுக்கவில்லை.

பெட்டியில் அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பெட்டி நிற்கும்வரை பாட்டு முடியாது. அவள் மூச்சு வாங்காமல் பிடித்தாள். இன்னும் திரும்பினாள். அவள் முகம் முழுக்கத் தெரிந்தது. நான் தலையை ஆட்டினேன், நன்றாக இருக்கிறது என்பதுபோல. அவளே முடித்தாள்.

ஒன்ஸ்மோர் கேட்டார்கள். நான் மறுபடி அடியைத் தொடங்கிவைத்தேன். அவள் பாடினாள். திரும்பினாள். நான் எடுக்கவில்லை. கூட்டம் எழுந்து நின்றது. மறுபடி கேட்டார்கள். கேட்காத ஒரு தடவையும் நான் தொடங்கிவைத்தேன். அப்போது அவள் திரும்பவில்லை. நேராகச் சனங்களைப் பார்த்துப் பாடினாள். அப்படியொரு 'எங்கே'யை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. என்னால் அப்படிப் பாடியிருக்க முடியாது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு உட்கார்ந்தாள். சால்வையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று கை தட்டினார்கள். அரக்கு நிறத்தில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கு இரத்த வாசனை தெரிந்தது. கை தட்டல் ஓயும்வரை நான் மங்களம் வாசித்தேன். எவ்வளவு நேரம் வாசித்தேன் என்று மிருதங்கக்காரர் சொல்லக்கூடும். நான் நிறுத்தாமல் யாரும் மேடைக்கு ஏற முடியாது அல்லவா.

திரையை இழுத்த பிறகு மாதேஸ்வரன் ஓடி வந்து அவளைத் தூக்கினார். அவள் என்னைப் பார்த்து ஒன்று கேட்டாள். குரல் இல்லை, காற்றுதான்.

"ஏண்ணா எடுக்கல?"

"நல்லா இருந்துச்சும்மா" என்றேன். "எடுக்க மனசு வரல."

தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், வண்டியிலேயே போய்விட்டாள். மாதேஸ்வரன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். என் தோள் நனைந்தது. "ஆசப்பட்ட மாதிரி மேடையிலயே போய்ட்டாளுங்கண்ணா" என்றார். ஆறுதல் சொன்னேன்.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பென்சில் முனை உடைந்துவிட்டதா?

நான் ஒரு சப் இன்ஸ்பெக்டரிடமும் போய்ச் சொன்னேன். நிம்மதியாகத் தூங்கலாம் என்றுதான். அவர் முழுவதும் கேட்டார். பிறகு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டுச் சிரித்தார்.

"இந்தாளு பாடலயாம், அதனால ஒருத்தங்க செத்துட்டாங்களாம். யோவ், பாடாததுக்கு எந்தச் சட்டத்துலயும் கேஸ் கெடையாதுய்யா. தேசப் பாட்டு பாடினவனப் புடிக்கவே எங்களுக்கு ஆளில்ல. துக்கத்துல இருக்கற, வூட்டுக்குப் போ."

அவரும் நம்பவில்லை. பெட்டிக்காரன் என்ன செய்துவிட முடியும் என்று நினைக்கிறார்.

அதனால்தான் உங்களிடம் முறையாகச் சொல்கிறேன். ரோசம்மாள் நோயால் சாகவில்லை. மேடையில் சாக வேண்டும் என்று ஆசைப்படவும் இல்லை. அவளுக்கு மாரண்டஹள்ளியில் நல்ல தூக்கம் வந்துகொண்டிருந்தது. அவளைக் கொன்றது நான். சுருதியை ஏற்றி, வாயைத் திறக்காமல், கையை எடுக்காமல் கொன்றேன். அவளுடைய பாட்டை அவளுக்கே முழுதாகத் திருப்பிக் கொடுப்பதற்காகச் செய்தேன். எனக்காக இதில் எதுவும் இல்லை. பத்திரிகையில் போடுவதானால் ராஜப்பன் என்று பெயரைச் சரியாகப் போடுங்கள். நோட்டீஸ்களில் ராசப்பா என்று போட்டுவிடுகிறார்கள், சில சமயம் போடுவதே இல்லை.

கைகாட்டி இறங்கிவிட்டது. உங்கள் ரயில்தான். உங்கள் கைப்பெட்டியை நான் தூக்கித் தருகிறேன். போகும் முன் ஒன்று கேட்கலாமா? மலைக்காரர், சந்தைக்காரர், நாடகக்காரர் என்று அத்தனை பேரைக் கேட்டீர்களே.

ஆர்மோனியம் எப்படி இருந்தது என்று ஒருவராவது சொன்னார்களா?