பஸ் ஸ்டாப்பில் வீட்டுக்காரர்

ஏழாயிரம்பண்ணையிலிருந்து சாத்தூர் செல்லும் மாலை 5.40 பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் பட்டாசு ஆலையில் வேலை முடித்த இரண்டு பெண்கள் இருந்தார்கள். கழுவியும் போகாத அலுமினியப் பொடி இருவர் கைகளிலும் மின்னியது. இளையவள் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தாள்.

"நாலு நாளா எங்க வீட்டுக்காரவுக பஸ் ஸ்டாப்புக்கு வந்து நிக்காக, யக்கா."

"யாரு, அவனா? நீ பிள்ளை பெத்தப்பவே ஆஸ்பத்திரிக்கு மறுநாளு வந்தவனாச்சே!"

"போனுக்கு ரீசார்ஜ் பண்ணயில, படம் பாக்குற ஆப்பு ஒண்ணு ஓசியா வந்துச்சு. என் போனுல இருந்து நெட்டு குடுத்தாத்தான் டிவியில ஓடும். மொத நாளு ஒரு தொடரைப் பாத்தாக. அதுலருந்து போன் எப்போ வரும்னு காத்துக் கெடக்காக."

"போனுக்குத்தானா?"

"இருக்கட்டுமே. ஸ்டாப்புலருந்து ஊருக்குள்ள ஒன்றரை மைலு, காலு கெஞ்சும். இப்போ பையைத் தூக்கிக்கிட்டு, கதையச் சொல்லிக்கிட்டே கூட வாராக. தூரமே தெரியல."

"கிறுக்கி! போனை வீட்டுல வச்சிட்டு வர வேண்டியதுதான? கம்பெனி கேட்டுல வாச்மேன் வாங்கிப் பூட்டிருதாரு. சாயங்காலம் வரைக்கும் அங்கன சும்மாதான கெடக்கு?"

"அவுகளும் அதைத்தான் கேக்காக."

"நீ என்ன சொன்ன?"

"கம்பெனியில தினமும் கொண்டாரச் சொல்லுதாகன்னு சொல்லிட்டேன்."

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"சரி. அவன் எங்கிட்ட விசாரிச்சா, நானும் அப்படியே சொல்லிருதேன்."