யாரும் எழுந்து போகாத படம்

2016 மார்ச் 12, சனிக்கிழமை பிற்பகலில், கம்பாலாவின் ந்தேபா பகுதியில் மின்சாரம் நின்றது. மரம் அறுக்கும் பட்டறைகள் ஓய்ந்துவிட்டதால் சுற்றுவட்டாரமே அமைதியாக இருந்தது. கொட்டகைக்கு ஜெனரேட்டர் உண்டு. படம் பார்க்க அதைவிட நல்ல பொழுது கிடைக்காது.

என் பெயர் லுவாசா. நகிபூக்கா அம்மாவின் வீடியோ கொட்டகையில் எந்தப் படம் போடுவது என்று முடிவு செய்வது என் பொறுப்பு. விசாரணை அதிகாரியான உங்களுக்கு இது ஒரு வேலையாகவே தோன்றாது. ஆனால் ஒரு மனிதன் வாழ்நாளில் பார்க்கக்கூடிய படங்களுக்கு எல்லை உண்டு. மோசமான படம் இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிட்டு எதையும் திருப்பித் தராது. கைப்பையைப் பறித்தவனை நீங்கள் லாக்கப்பில் வைக்கிறீர்கள். நேரத்தைப் பறிப்பவன் முகத்தைச் சுவரொட்டியில் போடுகிறார்கள்.

எங்கள் ஆட்கள் படத்தை ஒரே கேள்வியால் அளப்பார்கள். தலையில் மரத்தூளோடு வாசலில் நின்று, "எத்தனை குத்து, வாத்தியாரே?" என்பார்கள். குத்து அதிகமென்றால் உள்ளே வருவார்கள். இல்லையென்றால் எதிர்க்கடையில் முட்டைச் சப்பாத்தி தின்னப் போய்விடுவார்கள்.

இதை வளர்த்தவன் கஸும்பா. எங்கள் வீஜே. வெளிநாட்டுப் படம் ஓடும்போது மைக்கைப் பிடித்து எங்கள் லுகாண்டா மொழியில் கதை சொல்பவன். படத்தில் வரும் சீனாக்காரனுக்கு முக்காசா என்று எங்கள் ஊர்ப் பெயர் வைப்பான். பக்கத்து ஊரான மசாக்காவில் ஒரு மாமியாரையும் கொடுப்பான். நடுநடுவே, "இருக்கீங்களா?" என்று கேட்பான். "இருக்கோம்" என்று கொட்டகையே கத்தும். பதில் சொல்லாமல் தூங்குகிறவன் மீது கடலைத் தோல் பறக்கும். அது எனக்குப் பிடித்ததில்லை. வழிபடுகிற இடத்தில் யாராவது இப்படிக் கேட்பார்களா என்று ஒருமுறை கேட்டேன். "எங்க பாஸ்டர் இதைவிட அதிகமா கேப்பாரு அண்ணே" என்றான். அவன் கெட்டவன் இல்லை. ரசனை போதாது, அவ்வளவுதான்.

நான் தேர்ந்தெடுத்த படத்தில் ஒருவர் தன் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கிறார். மூன்று மணி நேரம். கடைசியில் ஜன்னலை மட்டும் அடிக்காமல் விடுகிறார். அதைப் பார்த்துவிட்டு நான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அதற்கு முந்தின சனிக்கிழமை அதை முதல்முறை போட்டபோது கஸும்பா சும்மா இருக்கவில்லை. "ஏ, இந்தச் சுவரு காயிற வரைக்கும் நாம உக்காந்திருக்கணுமாம்" என்றான் மைக்கில்.

"நான் நாள் பூரா இதையேதான் செய்யிறேன். எனக்குக் கூலியாவது குடுக்கிறாங்க" என்றான் பெயிண்டர் ஒருவன். சிரித்துக்கொண்டே பாதிப் பேர் போனார்கள்.

நகிபூக்கா அம்மா கோபப்படவில்லை. "லுவாசா, உன் படம் ஓடுறதுக்கு முன்னாடி ஜனம் ஓடுதுப்பா. அடுத்த வாரம் இன்னொரு தடவ போட்டுக்க. அப்பவும் எழுந்து போனாங்கன்னா, இனிமே கஸும்பா சொல்ற படந்தான்" என்றார்.

நியாயமான பேச்சு. ஒரே ஒரு முறை முழுதாகப் பார்த்துவிட்டால் போதும், அவர்களே மாறிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் செய்தது அதற்கான ஏற்பாடு.

பன்னிரண்டாம் தேதி வாசலில், "கடைசில பெரிய குத்து இருக்கு" என்று சொன்னேன். அது பொய். ஜன்னல் வெளிச்சத்தையும் தெருச் சத்தத்தையும் தடுக்க, பக்கத்துக் கடையில் மெத்தைகள் வாங்கி எல்லா ஜன்னல்களிலும் அடைத்தேன். மைக்கின் வயரைப் பிடுங்கிவிட்டு கஸும்பாவை முன்வரிசையில் உட்காரச் சொன்னேன். பிறகு ஜெனரேட்டர். முற்றத்தில் இருந்தால் அதன் உறுமல் படத்தின் மௌனத்தைக் கெடுக்கும். திரைக்குப் பின்னால் உள்ள சாமான் அறைக்கு மாற்றினேன்.

"அண்ணே, அங்க வச்சா புகை உள்ள வரும்" என்றான் கஸும்பா.

"ஒரு படத்துக்குத்தானேப்பா."

"சரி, வாத்தியாரு சொன்னா சரி" என்று போய் உட்கார்ந்தான். என்மேல் அவனுக்கு எப்போதும் மரியாதை உண்டு.

கதவைப் பூட்டியது ஏன் என்று கேட்டீர்கள். எழுந்து போவது ஒரு பழக்கம். கதவு திறந்திருக்கும்வரை அந்தப் பழக்கம் போகாது. வெளியே பூட்டிவிட்டு, தெருப் பக்கம் வாசல் வைத்த என் அறைக்குப் போனேன். அங்கிருந்துதான் படத்தை ஓட்டுவேன். கண்ணாடி வழியாக முதுகுகள்தான் தெரியும், முகங்கள் தெரியாது.

தொடக்கத்தில் கூச்சலும் கேலியும் இருந்தன. பிறகு கதவைத் தட்டினார்கள். பலமாகவே தட்டினார்கள். எந்த நல்ல படத்துக்கும் முதல் பகுதி கடினம். பொறுமையில்லாதவன் அங்கேதான் தோற்பான். நான் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். யாரோ, "இருக்கீங்களா?" என்று கத்தியது கேட்டது. குரல் கஸும்பாவுடையது. பதில் ஒன்றிரண்டுதான் வந்தது. அவன் பழக்கம் கூட்டத்தை விட்டுப் போகிறது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு தட்டவில்லை. கடலைத் தோல் பறக்கவில்லை. ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். சிலர் பெஞ்சிலிருந்து இறங்கித் தரையில் கிடந்தார்கள். நானும் அந்தப் படத்தை முதல்முறை தரையில் படுத்துத்தான் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அந்தக் கொட்டகையில் அப்படியொரு மௌனத்தை நான் கேட்டதில்லை. வெள்ளையடிக்காத ஜன்னல் வந்த காட்சியில் எனக்குக் கண் கலங்கியது.

படம் முடிந்ததும் நான் உடனே கதவைத் திறக்கவில்லை. பெயர்கள் ஓடின. ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர், தச்சர்கள், சமையல்காரர் வரை. அவர்களுக்கும் ஒரு மரியாதை உண்டு. பெயர்கள் ஓடும்போது எழுந்து போகிறவன் படத்தைப் பார்த்தவனே இல்லை.

அந்த நேரத்தில் திறந்திருந்தால் கஸும்பா உட்படச் சிலர் பிழைத்திருப்பார்கள் என்று மருத்துவர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். எனக்கு மருத்துவம் தெரியாது. பூட்டியது நான், ஜெனரேட்டரை வைத்தது நான், தட்டியதைக் கேட்டதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நகிபூக்கா அம்மாவிடம் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிடுங்கள். பத்தொன்பது பேர் இறந்தார்கள். நடுவில் எழுந்து போனவர் ஒருவரும் இல்லை.