அஞ்செட்டி ரோட்டில் ஒரு தீக்காயம்

இரவு பதினொன்று இருக்கும். தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டிக்கு இறங்கும் காட்டு ரோடு. கடைசி பஸ் எப்போதோ போய்விட்டது. நிலா இல்லை… காற்றும் இல்லை. ஒரே ஒரு பைக் மட்டும் வளைவு வளைவாக இறங்கிக்கொண்டிருந்தது.

ஓட்டியவர் ஷோயப். என் தோழி தஸ்லிமின் அண்ணன். நடந்ததை அவளே என்னிடம் சொன்னாள். கரண்ட் வரும்வரை சொல்கிறேன், கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்யப்ரியா, அந்த மொட்டைமாடிக் கதவைச் சாத்திவிட்டு வா. பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம்… யார் கை என்று பார்த்துவிட்டுப் பிடியுங்கள்.

ஷோயப் அண்ணனுக்கு இதே ஓசூரில் மெடிக்கல் கோடிங் வேலை. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளிலிருந்து நோயாளிகளின் குறிப்புகள் வரும். படித்துப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு போட வேண்டும். அவர் பிரிவு, காயமும் தோலும். கொப்புளமா, தடிப்பா, வெட்டா… வலது கையா, இடது கையா… அதற்கு ஒரு குறியீடு. அதோடு முடியாது. எப்படி நடந்தது என்பதற்குத் தனியாக இன்னொன்று. அடுப்பா, வெந்நீரா, நாய் கடித்ததா, ஏணியிலிருந்து விழுந்ததா? நாள் முழுக்க இதையே பார்த்துப் பார்த்து, யார் முழங்காலில் சிராய்ப்பைக் கண்டாலும் "எப்படி ஆச்சு?" என்றுதான் முதலில் கேட்பாராம். வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல்.

அண்ணி ஃபகருன்னிசாவின் அம்மா வீடு அஞ்செட்டியில். அவரைக் கூட்டி வரத்தான் அன்று கிளம்பியிருந்தார். இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவர். வேலை முடியத் தாமதமாகிவிட்டது. அந்த ரோட்டில் யானை வரும். அதனால் எங்கும் நிறுத்தக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

ஒரு வளைவில் விளக்கு வெளிச்சம் திரும்பியபோது… ஓரத்தில் ஒரு ஆள்.

கை நீட்டவில்லை. கூப்பிடவில்லை. இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் விரித்துப் பிடித்தபடி நின்றிருந்தார். அண்ணன் தாண்டிப் போய்விட்டார். கொஞ்ச தூரம் போனதும் மனசு கேட்கவில்லை. அப்படிக் கையை விரித்துப் பிடிப்பவர்கள் யாரென்று அவருக்குத் தெரியும். தோல் வெந்தவர்கள்.

திரும்பி வந்தார்.

உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். சில உடைந்து தோல் தொங்கியது. நனைந்த சாம்பல் வாசனை… கூடவே முடி கருகின வாசனை.

"எப்படிங்க ஆச்சு?"

"எனக்குத் தெரில ஸ்வாமி. பையனுக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரிகிட்ட எறக்கி உட்டுடு."

கன்னடம் கலந்த தமிழ். பையன் வீட்டில் இருக்கிறான் போல என்று நினைத்து, அண்ணன் அதற்கு மேல் கேட்கவில்லை. ஏறச் சொன்னார்.

பைக் அமுங்கியது. நிறையவே அமுங்கியது. தோளில் இரண்டு கைகள் வந்து பிடித்தன… ஜெர்கின் போட்டிருந்தும் சூடு தெரிந்தது. "வலிக்குதுங்களா?" என்றார். பின்னால் மூச்சுச் சத்தம்கூட இல்லை. வண்டிச் சத்தத்துக்கு நடுவே மெல்லிசாக ஒன்று மட்டும் கேட்டது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருமே… அந்தச் சத்தம்.

அண்ணன் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

அஞ்செட்டி ஆஸ்பத்திரி வாசல். விளக்கு எரிந்தது. "எறங்குங்க" என்று திரும்பினார். யாரும் இல்லை. ஆனால் தோள் எரிந்தது. தாங்க முடியாத எரிச்சல். உள்ளே ஓடினார்.

அன்று டியூட்டியில் இருந்தவர் வெள்ளையம்மா என்ற நர்ஸ். சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். ஜெர்கினில் ஒரு கறுப்பும் இல்லை, சட்டையில் ஒரு ஓட்டை இல்லை. தோலில் மட்டும் இரண்டு தோளிலும் விரல் விரலாகக் கொப்புளம். மருந்து தடவினார்.

"எப்படி ஆச்சுன்னு எழுதணும். இன்னான்னு எழுதட்டும்?"

நாள் முழுக்க ஊரார் காயத்துக்கெல்லாம் காரணம் தேடிப் போடுகிறவருக்கு… தன் காயத்துக்கு ஒன்று கிடைக்கவில்லை. கடைசியில், "வெந்நீர்னு போட்டுக்கங்க" என்றார்.

வெள்ளையம்மா தலையாட்டிக்கொண்டே, கட்டுப் போட அவரைத் திருப்பினார். அப்படியே நின்றுவிட்டார்.

"கூட எத்தினி பேரு வந்தாங்கப்பா?"

"ஒருத்தர்தாங்க."

"தோள்ல இருக்கறது பெரிய கை. இது யாருது?"

இடது இடுப்பில்… பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்த மாதிரி… ஒரு சின்னக் கை. நடக்கப் பழகும் குழந்தையின் கை அளவு.

வெள்ளையம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்து கதவுக்குத் தாழ் போட்டார். "வண்டியக் காலைல எடுத்துக்கலாம்" என்றார். என்ன பார்த்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

தோளில் இருந்த இரண்டும் உரிந்து, மங்கி, காணாமல் போய்விட்டன. இடுப்பில் இருந்தது மட்டும் போகவில்லை. அண்ணன் யாரிடமும் சொல்லாமல் இருந்தார். அண்ணிதான் ஒருநாள் கேட்டார்.

"ஏங்க… இது இடுப்புல இல்ல இருந்துச்சு? இப்ப விலா எலும்பு மேல இருக்குது. பெருசா வேற ஆயிருக்குது."

ஓசூரில் தோல் டாக்டரிடம் போனார்கள். கட்டுப் பிரித்த அன்று அண்ணி எடுத்து வைத்திருந்த பழைய போட்டோவைக் காட்டினார்கள். தழும்பு சுருங்கும், மங்கும், வளராது… இடமும் மாறாது என்றார் அவர். அது அண்ணனுக்கும் தெரியும். அவர் வேலையே அதுதானே. இந்தப் போட்டோ வேறு யாருடையதோ என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் அண்ணனுக்குத் தூக்கம் போனது. பைக்கைப் போச்சம்பள்ளிக்காரர் ஒருவருக்கு விற்றார். புதிதாக ஒன்று வாங்கினார். அஞ்செட்டிப் பக்கமே போவதில்லை. பின்னால் யாரையும் ஏற்றுவதில்லை. அண்ணியைக்கூட.

ஐந்தாறு வருடம் ஆகிறது. அந்தக் கை இப்போது தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறதாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் கை அளவு.

போன வாரம் தஸ்லிம் போன் செய்தாள். அண்ணன் வேலைக்குப் போகவில்லை, வண்டியைத் தொடவே பயப்படுகிறார் என்றாள். புது வண்டியில் பின்னால் உட்காருகிறவர்கள் கால் வைக்கும் கம்பி இருக்கிறதே… இத்தனை வருடமும் மடித்தபடியேதான் இருந்ததாம். இப்போது தனியாக ஓட்டிப் போகும்போது, டக்கென்று விழுகிறதாம். முதலில் இடது பக்கம்… அப்புறம் வலது பக்கம்.

அண்ணி ஒன்றுதான் சொன்னாராம்.

"இப்ப கால் எட்டுது போலங்க."