மாமாவுக்காகச் செய்த வசதி

ஒரு சாமான் வாங்க ஐந்து தடவை கேள்வி கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அந்த எரிச்சலைத் துடைத்து எடுப்பதுதான் என் தொழில், ஐயா. எங்கள் கம்பெனியின் போர் விளையாட்டில், படை கிளம்பும் முன் அரிசி, அம்பு, குதிரை எல்லாம் சந்தையில் வாங்க வேண்டும். அந்தச் சந்தைத் திரை என் பொறுப்பு.

காலில் அறுவை சிகிச்சை முடிந்து என் மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் என் நாற்காலியில் உட்கார்ந்து, என் கணினியில், அந்த விளையாட்டையே பிடித்துக்கொண்டார். "ஒரே இடத்துல உட்காராதீங்க, ரத்தம் கட்டிக்கும். அப்பப்ப எழுந்து நடங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்தில் நின்று தலையாட்டியவன் நான்.

மாமாவை நடக்க வைத்தது என் பழைய சந்தைதான். அரிசிக்கு ஒரு பக்கம், அம்புக்கு ஒரு பக்கம், லாடத்துக்குத் தனிப் பக்கம். ஒவ்வொன்றுக்கும் 'நிச்சயமாகவா?' என்று ஒரு கேள்வி. மாமா மவுஸைத் தள்ளிவிட்டு எழுந்து, கூடத்தைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார்.

"எந்த மடையன் மாப்ள இதைச் செஞ்சான்?"

"நான்தான் மாமா."

"அதானே பார்த்தேன்."

வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார். பால் போடுகிறவர்கூட என்னைக் கண்டால் வாயைப் பொத்திக்கொள்வார். நான் கோபப்படவில்லை. குறை சொன்னால் வேலையில் பதில் சொல்கிறவன் நான்.

முதலில் எல்லாச் சரக்கையும் ஒரே திரையில் கொண்டுவந்தேன். மாமாவின் நடை பாதியாகக் குறைந்தது. போன தடவை வாங்கியதையே மறுபடி வாங்க ஒரு பொத்தான் வைத்தேன். கடைசியில், கிடங்கு காலியானால் சரக்கு தானாக வந்து இறங்கும்படி செய்தேன். மாமா சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. தட்டை மடியில் வாங்கிக்கொண்டார்.

"இப்பதான் மாப்ள உருப்படியா ஒண்ணு பண்ணியிருக்கீங்க" என்று முதுகில் தட்டினார். அதுவரை 'நீ' என்று பேசியவர். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அவருடைய கெண்டைக்கால் வீங்கியிருந்ததையும் அப்போதுதான் பார்த்தேன். கால் நீட்ட வாகாக ஒரு முக்காலி போட்டேன்.

"அப்பா நடக்கிறாரா?" என்று வேலையிலிருந்து வந்ததும் மனைவி கேட்பாள். "நடக்கிறார், நடக்கிறார்" என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கோட்டை விழுந்த வெற்றி முழக்கம் முன்னறையிலிருந்து கேட்டது. மாமாவின் குரல் கேட்கவில்லை. காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார் டாக்டர். "அப்பாவுக்கு எவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சீங்க" என்று மனைவி என் தோளில் சாய்ந்து அழுதாள். வாஸ்தவம்தான்.

'எனக்கு வருகிற அறிவிப்பு அப்பாவுக்கு ஏன் வரவில்லை?' என்று என் மைத்துனன் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் கேட்டது நல்ல கேள்வி. அவனும் அதே விளையாட்டை ஆடுகிறவன். சந்தை சுலபமானதும் ஆட்கள் நாற்காலியை விட்டு எழுவதே இல்லை என்று தெரிந்து, 'கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்' என்று திரையைப் பூட்டும் அறிவிப்பு ஒன்றை எல்லோருக்கும் சேர்த்தோம். அது அவனுக்கு வருகிறது. அவன் அப்பாவுக்கு வந்ததே இல்லை. மாமா ஆடிய என் கணினியில் மட்டும் அதை எடுத்துவிட்டேன். எடுக்கும்போது டாக்டர் சொன்னது நன்றாக நினைவிருந்தது.

ஆனால் கொலை என்று எழுதாதீர்கள், ஐயா. அந்தக் கடைசி வாரங்களில் மாமாவுக்கு என்மேல் அவ்வளவு பிரியம்.