பழைய இரும்புக்குப் போகவிருந்த கணினிகளை மீட்ட கருந்திரை அக்காவுக்கு

கணினி காத்த கைவண்ணமே! கருந்திரையில் வெள்ளெழுத்துகளால் கட்டளையிட்டே காரியம் முடிக்கும் எங்கள் கருந்திரை அக்காவே! எங்கள் தேநீர் நேரத்தைத் தட்டிப் பறித்த தகைமையாளரே! இன்று பணி ஓய்வு பெறும் உங்களுக்கு வணக்கம்.

கடைசி விளிக்கு விளக்கம் தேவை. முன்பெல்லாம் இந்நூலகத்தில் கணினியின் பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போவோம். குடித்து, ஊர்க்கதை பேசித் திரும்பினாலும் அது கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். அவற்றைப் பழைய இரும்புக்குத் தள்ளத் தலைமை நூலகர் முடிவெடுத்தபோது குறுக்கே நின்றவர் நீங்கள். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றினீர்கள், சுழலும் தட்டில்லாத வேகச் சேமிப்பகமான எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தினீர்கள், இலவச இயங்குதளமான லினக்ஸை நிறுவினீர்கள். நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் திரை தயாரானது. வேலைக்கு விண்ணப்பிக்க வரும் வாசகர்கள் உங்களை வாயார வாழ்த்தினார்கள். நாங்களோ வேறு வழியின்றி வேலை பார்த்தோம்!

பொறுமையின் பெட்டகமே என்று புகழ ஆசைதான். பொய் சொல்ல நா எழவில்லை. வட்டு நிரம்பி வழியப் படங்களைச் சேர்த்த இதழ்ப் பிரிவினர் உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை ஊரே அறியும். அழித்த கோப்புகளின் இடத்தை வாரந்தோறும் ஒழுங்கு செய்யும் ட்ரிம் ஏற்பாட்டை நீங்களே அமைத்தீர்கள். கோப்புகளை நாள்தோறும் வேறிடத்தில் நகலெடுத்து வைக்கும் வேலையை மட்டும் எங்கள் தலையில் கட்டினீர்கள். "ஹார்டு டிஸ்க் போறதுக்கு முன்னாடி கடகடன்னு கத்தும். இந்த எஸ்.எஸ்.டி. சத்தமே போடாம போயிடும். நகல் எடுத்தீங்களா, இல்லையா?" என்ற உங்கள் குரல் உறக்கத்திலும் எங்களை உலுக்கியது.

உங்கள் ஓய்வோடு இக்கணினிகளையும் கழித்துவிடலாம், இனிப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று தலைமை நூலகர் சொன்னார். அதற்கேற்றாற்போல் இன்று காலை, வாசகர்கள் வரிசையில் நிற்க, இரவல் பிரிவுக் கணினி சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. நீங்கள் எழவில்லை; கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தீர்கள். இரவல் பிரிவு அம்மா கணினிப் பெட்டியைத் திறந்தார். காவலர் டார்ச் பிடித்தார். புது எஸ்.எஸ்.டி. ஏறியது, லினக்ஸ் ஏறியது, நேற்றெடுத்த நகலிலிருந்து கோப்புகள் ஒன்றுவிடாமல் திரும்பின. உங்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த தலைமை நூலகர், "சரி, இருக்கட்டும். நீங்களே பாத்துக்கங்க" என்றார். அப்போது உங்கள் கண் கலங்கியது.

அன்பின் அக்காவே! நோயறியா உடலும் நிறைந்த நெஞ்சமும் பெற்று நெடுங்காலம் வாழ்க! நூலகத்திலிருந்து அழைப்பு வந்தால் இனிப் பதறாதீர்கள். கணினிகள் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்கத்தான் கூப்பிடுவோம்.

உங்களிடம் திட்டு வாங்கியே தொழில் கற்ற,
நூலகப் பணியாளர்கள்